லினக்ஸில் புளூடூத் ஹெட்செட்: இணைப்பது எளிது, பேசுவதில்தான் சிக்கல்

லினக்ஸ் கணினியில் புளூடூத் ஹெட்செட் பயன்படுத்துவோர் என்னிடம் சொல்லும் குறைகள் ஏறத்தாழ இரண்டே வகைதான். ஹெட்செட் இணையவே மறுக்கிறது என்பது முதல் வகை. பாட்டு கேட்கும்வரை ஒலி அருமையாக இருக்கிறது, ஆனால் இணையவழிக் கூட்டத்தில் நுழைந்த நொடியே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடுகிறது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் லினக்ஸையே குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. முதல் குறைக்கு லினக்ஸ் பொறுப்பேற்க வேண்டியதுதான். இரண்டாவது, புளூடூத் தொழில்நுட்பத்தின் பிறவிக் குணம். எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் அது கூடவே வரும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால், தேவையற்ற இடத்தில் மணிக்கணக்காகப் போராடுவதைத் தவிர்க்கலாம். நான் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்துடன் (திரையில் தெரியும் சாளரச் சூழல்) கூடிய டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையையும், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் நெக்பேண்ட் வகை ஹெட்செட் ஒன்றையும் பயன்படுத்துகிறேன். கீழே எழுதியிருப்பவை அந்த அமைப்பை ஒட்டியவை.

ஒலி கணினியிலிருந்து காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் பல கை மாறுகிறது. புளூடூத் சில்லைக் கவனித்துக்கொள்வது கெர்னலில் (இயங்குதளத்தின் மையக் கருவில்) உள்ள இயக்கி மென்பொருள். யூஎஸ்பி வழியாக இணைந்த சில்லுகளுக்கு அது பிடியூஎஸ்பி என்ற கூறு. மடிக்கணினிக்குள்ளேயே இருக்கும் சில்லுகளிலும் பெரும்பாலானவை உள்ளுக்குள் யூஎஸ்பியாகத்தான் இணைக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு மேலே கருவிகளைத் தேடுவது, இணையாக்குவது (முதல்முறை ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவைப்பது), அவற்றின் சாவிகளைச் சேமித்து வைப்பது ஆகிய வேலைகளைப் புளூ-இசட் என்ற மென்பொருள் செய்கிறது. குவால்காம் நிறுவனத்தில் மேக்ஸ் கிராஸ்னியான்ஸ்கி தொடங்கிய இந்தத் திட்டம் 2001-இல் லினக்ஸ் கெர்னலின் 2.4.6 பதிப்பில் சேர்ந்தது. அதற்கும் மேலே, ஒலியைச் சுருக்கிப் புளூ-இசட் வழியே அனுப்பும் ஒலிச் சேவையகம் இருக்கிறது. முன்பு அந்த இடத்தில் பல்ஸ்ஆடியோ இருந்தது. இப்போது ரெட்ஹாட்டைச் சேர்ந்த விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் இருக்கிறது. கடைசியாக, நாம் கண்ணால் பார்க்கும் புளூடூத் சின்னமும் அதன் சாளரமும். நாம் அந்தச் சின்னத்தைச் சொடுக்கும்போது கோளாறு எந்த அடுக்கில் இருந்தாலும் “இணைக்க இயலவில்லை” என்ற ஒரே செய்திதான் திரையில் வருகிறது. குழப்பத்தின் வேர் இதுவே.

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கும் இந்த அடுக்குகளின் வரலாறே காரணம். 2012 டிசம்பரில் வெளிவந்த புளூ-இசட் 5, ஒலி தொடர்பான பல பொறுப்புகளைத் தன்னிடமிருந்து கழற்றி ஒலிச் சேவையகத்தின் தலையில் கட்டியது. அதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகள் இன்று எதற்கும் உதவா. பிறகு டெபியனைப் போன்ற இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோரா 34 ஏப்ரல் 2021-இல் பைப்வயரை இயல்பு ஒலிச் சேவையகமாக ஆக்கியது, உபுண்டு 22.10 அடுத்த ஆண்டு அதைப் பின்பற்றியது. ஜூன் 2023-இல் வந்த டெபியன் 12, க்னோம் மேசைத்தளத்துக்கு மட்டும் பைப்வயரைக் கொடுத்தது. என்னைப் போல எக்ஸ்எஃப்சிஇ வைத்திருப்பவர்களுக்குப் பல்ஸ்ஆடியோவையே விட்டுவைத்தது. எனவே ஒரு குறிப்பைப் படிக்கும் முன் அது எந்த ஆண்டில், எந்த ஒலிச் சேவையகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினியில் எது ஓடுகிறது என்பதை முனையத்தில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) “பாக்டிஎல் இன்ஃபோ” என்ற கட்டளை சொல்லிவிடும். சேவையகத்தின் பெயர் வரும் வரியில் பல்ஸ்ஆடியோவுக்குப் பக்கத்தில் பைப்வயரின் பெயரும் பதிப்பு எண்ணும் இருந்தால் ஓடுவது பைப்வயர்தான் என்று பொருள்.

புதிதாகத் தொடங்குபவர் யாராயினும் பைப்வயரையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து. டெபியன் 12-இல் “பைப்வயர்-ஆடியோ” என்ற ஒரே தொகுப்பை நிறுவினால், வயர்பிளம்பர் என்ற மேலாளரும், பல்ஸ்ஆடியோவுக்காக எழுதப்பட்ட செயலிகள் தடையின்றி ஓடத் தேவையான பாலமும், புளூடூத் ஒலிக்கான “லிப்ஸ்பா-0.2-புளூடூத்” தொகுப்பும் சேர்ந்தே வந்துவிடும். கடைசியாகச் சொன்ன தொகுப்பு மிக முக்கியமானது. ஹெட்செட் இணையாகிறது, ஆனால் இணைப்பு உடனே அறுந்துபோகிறது, பதிவுக் கோப்பில் “புரோட்டோகால் நாட் அவைலபிள்” என்ற வரி தென்படுகிறது என்றால், பெரும்பாலும் அந்தத் தொகுப்பு இல்லை என்பதே காரணம். பல்ஸ்ஆடியோ வைத்திருப்பவர்களுக்கு அதற்கு ஈடானது “பல்ஸ்ஆடியோ-மாட்யூல்-புளூடூத்”. ஹெட்செட் “நான் ஒலி வாங்கத் தயார்” என்கிறது. கணினிப் பக்கம் ஒலி கொடுக்க ஆளில்லை. அதனால் புளூ-இசட் கையை விரித்துவிடுகிறது. செய்தியைப் படிப்பவர் ஹெட்செட்டில் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி அனுப்பும் அளவுக்குப் போவதுண்டு. தொகுப்பை நிறுவியபின் கணினியிலிருந்து ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய மறக்க வேண்டாம்.

புளூடூத் சின்னமே தெரியவில்லை என்றால் சிக்கல் இன்னும் கீழ் அடுக்கில் இருக்கிறது. “ஆர்எஃப்கில் லிஸ்ட்” என்ற கட்டளை வானலைக் கருவிகள் ஏதேனும் பூட்டப்பட்டுள்ளனவா என்று காட்டும். விசைப்பலகையிலுள்ள விமானப் பயண விசையைத் தவறுதலாக அழுத்தியிருந்தால் அதில் தெரிந்துவிடும். பூட்டு இல்லை, ஆனாலும் சில்லு எழவில்லை என்றால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் “டிமெஸ்ஜி” கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் மென்பொருள்) கோப்பு கிடைக்கவில்லை என்ற புகார் இருக்கிறதா என்று தேடுங்கள். இன்டெல், ரியல்டெக் சில்லுகள் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கணினியிடமிருந்து ஃபர்ம்வேரைப் பெற்றுக்கொண்டே விழிக்கின்றன. கட்டற்றவை அல்லாத இந்தக் கோப்புகளை டெபியன் நெடுங்காலம் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலிருந்து விலக்கியே வைத்திருந்தது. 2022-இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகுதான் 12-ஆம் பதிப்பிலிருந்து அவை வட்டிலேயே சேர்ந்தன. கொள்கையளவில் அந்த முடிவைப் பற்றி மாற்றுக் கருத்து உடையவர்கள் உண்டு. புதிய பயனர் ஒருவரின் மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவிக் கொடுக்க உட்காரும்போது எனக்கு அது நிம்மதியாகவே இருக்கிறது.

இனி இணையாக்கம். எக்ஸ்எஃப்சிஇயில் புளூமேன் என்ற வரைகலைச் செயலி இதைச் செய்யும். என்றாலும் முதல்முறை முனையத்திலேயே செய்வதைப் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் எந்தப் படியில் தடை வருகிறது என்பது அங்கே வெளிப்படையாகத் தெரியும். “புளூடூத்சிடிஎல்” என்று தட்டி உள்ளே நுழைந்து, “பவர் ஆன்” கொடுத்துச் சில்லை எழுப்பி, “ஸ்கேன் ஆன்” கொடுத்துத் தேடலைத் தொடங்க வேண்டும். அதற்கு முன் ஹெட்செட்டை இணையாக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வெறுமனே இயக்கினால் போதாது, விளக்கு இரு நிறங்களில் மாறி மாறி மின்னும்வரை பொத்தானைத் தொடர்ந்து அழுத்தியிருக்க வேண்டியது பெரும்பாலான நெக்பேண்டுகளின் வழக்கம். அருகிலிருக்கும் கைப்பேசியில் புளூடூத்தை அணைத்துவிடுவதும் நல்லது. இல்லையேல் ஹெட்செட் கண் விழித்ததும் பழகிய கைப்பேசியையே நாடி ஓடிவிடும். கணினி தேடிக்கொண்டே இருக்கும்.

தேடலில் ஹெட்செட்டின் முகவரி தென்பட்டதும் “பேர்”, “டிரஸ்ட்”, “கனெக்ட்” ஆகிய மூன்று கட்டளைகளை அந்த முகவரியோடு வரிசையாகக் கொடுக்க வேண்டும். இவை மூன்றும் தனித்தனிச் செயல்கள். முதலாவது, இரு கருவிகளும் ஒரு இரகசியச் சாவியை உருவாக்கிப் பகிர்ந்துகொள்ளச் செய்கிறது. மூன்றாவது, அந்தச் சாவியைக் கொண்டு அப்போதைக்கு இணைப்பை ஏற்படுத்துகிறது. நடுவிலுள்ள “டிரஸ்ட்”, ஹெட்செட் தானாக வந்து கதவைத் தட்டும்போது நம்மைக் கேளாமலேயே உள்ளே விடலாம் என்று புளூ-இசட்டுக்கு அனுமதி அளிக்கிறது. அதைக் கொடுக்காமல் விட்டால் இன்றைக்கு எல்லாம் சரியாக இருக்கும். நாளைக் காலை ஹெட்செட்டை இயக்கும்போது அது தானாக இணையாது, நாம் சின்னத்தைச் சொடுக்கியாக வேண்டும். ஒவ்வொரு நாளும் கையால் இணைக்க வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இந்த ஒரு சொல்லே பெரும்பாலும் மருந்து.

கணினியைத் தொடங்கியதும் புளூடூத் அணைந்தே இருக்கிறது என்றால் “/ஈடிசி/புளூடூத்/மெயின்.கான்ஃப்” கோப்பில் “ஆட்டோஎனேபிள்” என்ற வரியைப் பாருங்கள், புளூ-இசட்டின் அண்மைப் பதிப்புகளில் அது இயல்பாகவே இயங்கு நிலையில் இருக்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் ஒருமுறை செய்து மறந்துவிடக்கூடியவை. இரண்டாவது குறைக்கு வருவோம். புளூடூத் ஹெட்செட்டுக்கு இரண்டு முகங்கள் (ஆங்கிலத்தில் புரொஃபைல்) உண்டு. இசை கேட்பதற்கான முகத்துக்கு ஏ2டிபி என்று பெயர்: கணினியிலிருந்து காதுக்கு மட்டும் செல்லும் ஒருவழிப் பாதை, இடம்-வலம் எனப் பிரிந்த ஸ்டீரியோ ஒலி, தாராளமான தரவு வேகம். பேசுவதற்கான முகத்துக்கு எச்எஃப்பி என்று பெயர் (அதன் முன்னோடியான எச்எஸ்பியும் இன்னும் வழக்கில் இருக்கிறது): இருவழிப் பாதை, ஒற்றை மோனோ ஒலி, ஒவ்வொரு திசைக்கும் நொடிக்கு 64 கிலோபிட் மட்டுமே. மரபான புளூடூத் ஹெட்செட்டுகள் ஒரு நேரத்தில் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இயங்குகின்றன. மைக்கைத் திறந்த கணமே, காதில் விழும் ஒலியும் சேர்ந்து பேச்சு முகத்துக்கு இறங்கிவிடுகிறது.

எவ்வளவு இறங்குகிறது என்பதை எண்களில் பார்த்தால்தான் விளங்கும். ஏ2டிபியில் எல்லாக் கருவிகளும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய எஸ்பிசி சுருக்க முறை, உயர்தர அமைப்பில் நொடிக்கு சுமார் 328 கிலோபிட் அனுப்புகிறது. குறுந்தகட்டைப் போலவே நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியலையின் அளவீடுகள்) எடுக்கப்படுகின்றன. எச்எஃப்பியின் அடிப்படை முறையான சிவிஎஸ்டியிலோ நொடிக்கு 8,000 மாதிரிகள்தான். அதாவது அதில் பாதியான 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் அடியோடு போய்விடுகின்றன. தரைவழித் தொலைபேசியின் தரமும் இதுவே. பேச்சில் “ஸ”, “ஷ” போன்ற ஒலிகளின் கூர்மை அந்த எல்லைக்கு மேலேதான் பெரிதும் இருப்பதால், கூட்டத்தில் பேசுபவர் வாயில் துணி வைத்துப் பேசுவதாகத் தோன்றுகிறது. இந்த வடிவமைப்பு, காரோட்டும்போது கைப்பேசியில் பேச வேண்டும் என்ற தேவைக்காக உருவானது. நாள் முழுவதும் அதே ஹெட்செட்டில் கூட்டமும் இசையும் மாறி மாறி ஓடும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். விண்டோஸிலும் இதே இறக்கம் நிகழ்கிறது.

இதற்கு நான் கண்ட சிறந்த தீர்வு, ஹெட்செட்டின் மைக்கைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுவது. காதுக்கு ஏ2டிபி, வாய்க்கு மடிக்கணினியின் சொந்த மைக். பாவுகண்ட்ரோல் என்ற ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியில் கடைசித் தாவலுக்குச் சென்று ஹெட்செட்டின் முகத்தை ஏ2டிபியில் நிறுத்தி, உள்ளீட்டுத் தாவலில் மடிக்கணினி மைக்கை இயல்பு மைக்காகக் குறித்துவிட்டால் போதும். ஒலி காதுக்குள்ளேயே இருப்பதால் எதிரொலித் தொல்லை இல்லை. எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்கும் நம் குரல் பெரும்பாலும் முன்னைவிடத் தெளிவாகவே கேட்கும். விசைப்பலகையின் தட்டலும் மின்விசிறியின் இரைச்சலும் சேர்ந்து கேட்பது இதிலுள்ள குறை. அது பொறுக்காதவர்கள் மலிவான யூஎஸ்பி மைக் ஒன்றை மேசையில் வைத்துக்கொள்ளலாம். விலை உயர்ந்த ஹெட்செட் வாங்குவதைவிட அந்தச் செலவு நியாயமானது.

ஆனால் இங்கே ஒரு சிறு முட்டுக்கட்டை இருக்கிறது. மைக்கைத் திறக்கும் செயலியைக் கண்டதும் ஹெட்செட்டைத் தானாகவே பேச்சு முகத்துக்கு மாற்றிவிடும் பழக்கம் வயர்பிளம்பருக்கு உண்டு. டெபியன் 12-இலுள்ள 0.4 வரிசைப் பதிப்பில், எந்தெந்தச் செயலிகளுக்காக இப்படி மாற வேண்டும் என்ற பெயர்ப் பட்டியலே அமைவுக் கோப்புக்குள் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸும் ஜூமும் அதில் இடம்பெற்றுள்ளன. புதிய பயனருக்கு உதவும் நோக்கில் செய்யப்பட்ட ஏற்பாடுதான் இது. மைக் வேலை செய்யவில்லை என்ற புகாரைத் தவிர்க்கிறது. நமக்கோ அது இடையூறு. 0.4 வரிசையில் “மீடியா-ரோல்.யூஸ்-ஹெட்செட்-புரொஃபைல்” என்ற அமைவைப் பொய் (ஃபால்ஸ்) என்று மாற்றினால் இந்தத் தன்னியக்கம் நின்றுவிடும். மார்ச் 2024-இல் வந்த 0.5 பதிப்பில் லுவா என்ற நிரல் மொழியில் இருந்த அமைவுக் கோப்புகள் அனைத்தும் வேறு வடிவத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன, அங்கே இதே வேலையைச் செய்யும் அமைவின் பெயர் “புளூடூத்.ஆட்டோஸ்விட்ச்-டு-ஹெட்செட்-புரொஃபைல்”. பழைய கோப்பைப் புதிய பதிப்பில் அப்படியே வைத்தால் அது கண்டுகொள்ளப்படாது. பதிப்பை உயர்த்தியபின் பழைய தொல்லை திரும்பிவிட்டது என்பவர்கள் இதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

எழுந்து நடந்துகொண்டே பேச வேண்டியவர்களுக்கு இந்தத் தீர்வு பயன்படாது. அவர்கள் எம்எஸ்பிசி என்ற முறையையாவது பெற முயலலாம். எச்எஃப்பியின் 1.6 பதிப்பிலிருந்து இருக்கும் அது, மாதிரி எண்ணிக்கையை 16,000 ஆக இரட்டிப்பாக்குகிறது. இசைக்கு அப்போதும் உதவாது, பேச்சுக்குப் போதுமானது. பைப்வயர் அதை அறியும். ஹெட்செட்டும் கணினியின் சில்லும் ஒத்துழைத்தால் பாவுகண்ட்ரோலின் முகப் பட்டியலில் சிவிஎஸ்டிக்கு அருகிலேயே அந்தப் பெயரும் தோன்றும். தோன்றவில்லை என்றால், குறிப்பாக மலிவு விலை டாங்கிள்களில் (யூஎஸ்பி துளையில் செருகும் புளூடூத் கருவிகளில்), அதற்கு மேல் போராடுவதில் பயனில்லை. சந்தையில் விற்கும் டாங்கிள்களில் பல, சிஎஸ்ஆர் நிறுவனத்தின் ஒரு பழைய சில்லைப் போல நடிக்கும் போலிகள். அவற்றின் விசித்திர நடத்தைகளுக்காகவே கெர்னல் நிரலில் தனிச் சமாளிப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

இசைப் பக்கத்தில் லினக்ஸின் நிலை குறை சொல்லும்படி இல்லை. எஸ்பிசிக்கு மேல் ஆப்ட்எக்ஸ், எல்டாக் போன்ற முறைகளைப் பைப்வயர் ஆதரிக்கிறது. சோனி உருவாக்கிய எல்டாக் நொடிக்கு 990 கிலோபிட் வரை செல்லக்கூடியது. எஸ்பிசியையே கூடுதல் தரவு வேகத்தில் அனுப்பும் எஸ்பிசி-எக்ஸ்கியூ என்ற ஏற்பாடும் இருக்கிறது. பெரிய பெயர்களை ஆதரிக்காத எளிய ஹெட்செட்டுகள் சிலவற்றில்கூட அது வேலை செய்கிறது. என் காதுக்கு எஸ்பிசியின் உயர்தர அமைப்புக்கும் எல்டாக்குக்கும் உள்ள வேறுபாடு, பேருந்துச் சத்தம் உள்ளே வரும் அறையில் தெரியவில்லை. அதிக வேகம் அதிக வானலை நேரத்தைத் தின்பதால் ஒலி விட்டுவிட்டு வரும் வாய்ப்பும் கூடுகிறது என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

ஒலி அறுபடுவதற்கு மென்பொருள் காரணமாக இல்லாமல் போவதே மிகுதி. மரபான புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு நொடிக்கு 1,600 முறை தடம் தாவுகிறது. வைஃபையும் அதே பட்டையில் ஓடினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் கணினியை அதற்கு மாற்றிவிடுங்கள். யூஎஸ்பி 3.0 கருவிகளும் அவற்றின் கேபிள்களும் அதே பட்டையில் இரைச்சலைக் கக்குகின்றன என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஆவணப்படுத்தியிருக்கிறது. புளூடூத் டாங்கிளுக்குப் பக்கத்துத் துளையில் வெளி வன்தட்டைச் செருகியிருப்பவர்கள், டாங்கிளை ஒரு சிறு நீட்டிப்புக் கேபிளில் தள்ளிவைத்துப் பார்க்கலாம். திரைப்படத்தில் உதட்டசைவுக்குப் பின்தங்கி ஒலி வருவது வேறு சங்கதி: ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிப்பதில் ஏற்படும் தாமதம் அது. விஎல்சியில் ஜே, கே விசைகளால் ஒலியை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்யலாம்.

கணினியை உறங்கவைத்து எழுப்பியபின் புளூடூத் காணாமல் போனால், பிடியூஎஸ்பி கூறை “மோட்புரோப்” கட்டளையால் நீக்கி மீண்டும் ஏற்றினாலே பெரும்பாலும் திரும்பிவிடும். அடிக்கடி நேர்ந்தால் கெர்னல் அளவுருவில் அந்தக் கூறின் தானியங்கி உறக்கத்தை நிறுத்திவைக்கலாம்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஒன்றில் இணையாக்கினால் மற்றொன்றில் ஹெட்செட் இணைய மறுக்கும். காரணம் எளியது: இரண்டு இயங்குதளங்களும் ஒரே சில்லை, ஆகவே ஒரே முகவரியைப் பயன்படுத்துகின்றன, ஹெட்செட்டோ ஒரு முகவரிக்கு ஒரு சாவியைத்தான் நினைவில் வைத்திருக்கும், கடைசியாக இணையாக்கியபோது உருவான சாவியை. முதலில் லினக்ஸிலும் பிறகு விண்டோஸிலும் இணையாக்கிவிட்டு, விண்டோஸின் பதிவேட்டிலிருந்து (ரெஜிஸ்ட்ரி) அந்தச் சாவியை எடுத்து, லினக்ஸில் “/வார்/லிப்/புளூடூத்” அடைவுக்குள் சில்லின் முகவரி, அதற்குள் ஹெட்செட்டின் முகவரி என்று செல்லும் பாதையிலுள்ள “இன்ஃபோ” கோப்பில் “லிங்க்கீ” என்ற பகுதியில் எழுதிவிட வேண்டும். பிறகு புளூடூத் சேவையை மறுதொடக்கம் செய்தால், இரண்டிலும் ஒரே சாவியோடு ஹெட்செட் இணையும். அந்த அடைவை ரூட் (நிர்வாகி) அதிகாரம் இல்லாமல் திறக்க முடியாது; அங்கே இருப்பவை உண்மையிலேயே இரகசியச் சாவிகள் என்பதால் கோப்பை உதவி கேட்கும் இடங்களில் அப்படியே ஒட்டிவிடாதீர்கள்.

இரு முகச் சிக்கலுக்கான உண்மையான விடை புளூடூத்தின் அடுத்த தலைமுறையில்தான் இருக்கிறது. 2019 டிசம்பர் இறுதியில் வெளியான புளூடூத் 5.2-ஐ அடித்தளமாகக் கொண்ட எல்இ ஆடியோ, எல்சி3 என்ற புதிய சுருக்க முறையோடு, மைக் திறந்திருக்கும்போதும் காதுக்கு நல்ல தரத்தில் ஒலி அனுப்ப இடம் தருகிறது. புளூ-இசட்டிலும் பைப்வயரிலும் அதற்கான நிரல்கள் சேர்ந்துவருகின்றன. கணினியின் சில்லும் ஹெட்செட்டும் இரண்டுமே அதை ஆதரித்தாக வேண்டும் என்பதால், பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஹெட்செட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. புதிதாக மடிக்கணினி வாங்குபவர்கள் பெட்டியில் புளூடூத்தின் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், 5.2 என்று அச்சிட்டிருந்தாலும் எல்இ ஆடியோ அதில் கட்டாயமான கூறு அல்ல. சில்லின் மாதிரிப் பெயரைக் கேட்டறிந்து, லினக்ஸில் அதன் இயக்கி இந்த வசதியைத் தருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.